ஞாயிறு காலை, பெரிய திரை, பாக்ஸிங்: பெங்களூரு தியேட்டரில் கூட்டமாகப் பார்க்க முழுமையான வழிகாட்டி

கிரிக்கெட்டைத் தியேட்டரில் பார்த்தவர்கள் பாக்ஸிங்குக்கும் அதே ஏற்பாடு போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதாது. கிரிக்கெட்டில் டாஸ் எத்தனை மணிக்கு என்று தெரியும், ஏறக்குறைய எப்போது முடியும் என்றும் தெரியும். பாக்ஸிங்கில் முக்கியச் சண்டை தொடங்கும் நேரமே அதற்கு முன் நடக்கும் சண்டைகளைப் பொறுத்தது. தொடங்கிய பிறகும் கணக்கு கிடையாது. 12 ரவுண்டும் ஓடினால் இடைவெளிகளோடு 47 நிமிடம். 1988 ஜூனில் மைக் டைசன் மைக்கேல் ஸ்பிங்க்ஸை வீழ்த்த எடுத்துக்கொண்டது 91 வினாடி.

அதனால் வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். நேரம், உரிமை, அரங்கு, ஆட்கள், ஒத்திகை என்று போக வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பதில் தொடங்கி, அரங்குக்கு முன்பணம் கட்டி, கடைசியில்தான் நேரத்தைப் பார்க்கிறார்கள். அங்கேயே பாதி ஏற்பாடு உடைந்துவிடுகிறது.

1. நம் ஊர் நேரத்தை எழுதி வையுங்கள்

பெரிய சண்டைகளில் பல அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கின்றன. நமக்கு அது ஞாயிறு காலை. லாஸ் வேகஸில் கனெலோ அல்வாரெஸும் டெரன்ஸ் க்ராஃபர்டும் மோதிய நாள் போஸ்டரில் 2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை. பெங்களூருவில் அது 14ஆம் தேதி ஞாயிறு காலை. போஸ்டரை அப்படியே குழுவில் போட்டால் சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் போன் செய்து "எங்கடா இருக்கீங்க?" என்று கேட்பார். போஸ்டரைப் போடாதீர்கள். நாள், கிழமை, நம் நேரம் மூன்றையும் எழுதிப் போடுங்கள்.

லாஸ் வேகஸுக்கும் நமக்கும் கோடையில் 12 மணி 30 நிமிட வித்தியாசம், குளிர்காலத்தில் 13 மணி 30 நிமிடம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்ப வைப்பார்கள். அங்கே இரவு 8 என்றால் நமக்குக் கோடையில் காலை 8:30, டிசம்பரில் 9:30. நியூயார்க் என்றால் கோடையில் 9 மணி 30 நிமிடம், குளிரில் 10 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும்.

லண்டன் சண்டைகள் தியேட்டருக்கு ஒத்துவராது. அங்கே இரவு 10 மணி என்றால் நமக்கு விடியற்காலை 2:30 அல்லது 3:30. ரியாத்தில் நள்ளிரவு தாண்டித்தான் பல முக்கியச் சண்டைகள் தொடங்குகின்றன. அதற்கு மேல் இரண்டரை மணி நேரம் கூட்டினால் நமக்கும் விடியற்காலைதான். கர்நாடக சினிமா ஒழுங்குமுறை விதிகள், 2014இன் 41ஆம் விதிப்படி முதல் காட்சி காலை 6:30க்கு முன் தொடங்கக் கூடாது, கடைசிக் காட்சி இரவு 10:30க்குப் பின் தொடங்கக் கூடாது. "மேனேஜர் தெரிஞ்சவர்தான், பார்த்துக்குவார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டினால் உரிமத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த மேனேஜர்தான்.

குடும்பத்தோடு பார்க்க ஆசை என்றால் டோக்கியோ சண்டைகளைக் கவனியுங்கள். ஜப்பான் வீரர் நவோயா இனோவே அங்கே இரவு 9 மணிக்கு ரிங்கில் ஏறினால் நமக்கு மாலை 5:30. குழந்தைகளையும் பெரியவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம். அதற்கான கூட்டம் சேர்ப்பதுதான் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இன்னும் டைசன் பெயர்தான் வாயில் வருகிறது.

2. எத்தனை மணி நேரம் அரங்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

போஸ்டரில் உள்ள நேரம் பெரும்பாலும் ஒளிபரப்பு தொடங்கும் நேரம். முக்கியச் சண்டை அதற்குப் பிறகு மூன்று மணி நேரமாவது ஆகும். முன்னால் நடக்கும் சண்டைகளை அண்டர்கார்டு என்பார்கள். அவை எல்லாம் சீக்கிரம் நாக்அவுட்டில் முடிந்தாலும் ஏற்பாட்டாளர்கள் முக்கியச் சண்டையை அதிகமாக முன்னால் இழுக்க மாட்டார்கள், நேரத்தை நிரப்புவார்கள். எல்லாம் கடைசி ரவுண்டு வரை போனால் நிச்சயம் தள்ளிப்போகும். 2015 மே மாதம் மேவெதர், பக்கியாவ் சண்டை தாமதமானதற்கு வேறு காரணம்: அமெரிக்காவில் கடைசி நேரத்தில் காசு கட்டிப் பார்க்க வந்தவர்களின் நெரிசலைக் கேபிள் நிறுவனங்களால் சமாளிக்க முடியவில்லை.

இருவரும் நடந்து வருவது, தேசிய கீதங்கள், அறிமுகம் என்று பெல் அடிக்கும் முன் இன்னும் இருபது நிமிடம் போய்விடும். அப்புறம் 47 நிமிடம். அப்புறம் தீர்ப்பு, பேட்டி.

இதையெல்லாம் கூட்டினால் கோடையில் லாஸ் வேகஸ் சண்டைக்குக் காலை 7 முதல் 10:30 வரை, குளிர்காலத்தில் 8 முதல் 11:30 வரை அரங்கு கையில் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். தியேட்டரின் காலைக் காட்சி பத்து மணியை ஒட்டி இருக்கும். 7 முதல் 9:30 வரை என்று வாங்கினால், எட்டாவது ரவுண்டில் கதவுக்கு வெளியே படம் பார்க்க வந்த கூட்டம் நிற்கும், உள்ளே டார்ச் லைட்டோடு ஊழியர் நிற்பார். காலைக் காட்சியையும் சேர்த்து வாங்குங்கள். காசு கூடத்தான் ஆகும். அது முடியவில்லை என்றால் அந்தச் சண்டையை விட்டுவிட்டு வேறு சண்டைக்குக் காத்திருங்கள். நடுவில் அணைக்கப்பட்ட சண்டையைப் பார்த்த கூட்டம் அடுத்த முறை வராது.

3. காட்டும் உரிமையைக் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். "நம்மகிட்ட சந்தா இருக்கே, லேப்டாப்பை மாட்டினா வேலை முடிஞ்சது" என்பார்கள். நெட்பிளிக்ஸ் சந்தா தனிப்பட்ட, வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே என்று அதன் நிபந்தனையிலேயே இருக்கிறது. வீட்டாரைத் தாண்டிப் பகிரவும் அனுமதி இல்லை. மற்ற தளங்களின் நிபந்தனைகளையும் படித்துப் பாருங்கள், பெரிதாக மாறாது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைப் பொதுவில் காட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டம், 1957 தன் 37ஆம் பிரிவில் மீறல் என்கிறது.

"டிக்கெட் விக்கலையே, வாடகையைத்தானே பங்கு போடுறோம்" என்பது அடுத்த வாதம். அதை நம்பி எந்தத் தியேட்டரும் புரொஜெக்டரைத் தராது. நல்ல மேனேஜர் முதல் பேச்சிலேயே அனுமதிக் கடிதம் கேட்பார். கேட்காதவர் சண்டைக்கு முதல் நாள் இரவு பயந்துபோய்க் கேட்பார். இரண்டாமவர்தான் ஆபத்து.

செய்ய வேண்டியது இது. சண்டை அறிவிக்கப்பட்டதும் இந்தியாவில் அதன் ஒளிபரப்பு யாரிடம் என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் வணிகப் பிரிவுக்கு எழுதுங்கள்: ஊர், அரங்கு, இருக்கைகள், நாள், கட்டணம் உண்டா இல்லையா. ஒரு மாத அவகாசமாவது வேண்டும், ஏனென்றால் முதல் பதில் பெரும்பாலும் "வேறு பிரிவிடம் கேளுங்கள்" என்றுதான் வரும். இதைவிட எளிய வழி, பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பிரிவை அணுகி, அவர்களே உரிமை வாங்கிக் காட்ட முடியுமா என்று கேட்பது. 2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டைப் பிவிஆர் ஐநாக்ஸ் தன் அரங்குகளில் நேரலையாகக் காட்டியது. நேரடி விளையாட்டு அவர்களுக்குப் புதிதல்ல. இத்தனை இருக்கைகளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்தால் பேச்சுக்கு எடை கூடும்.

யாராவது ஏற்கெனவே முறைப்படி காட்டுகிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். டிக்கெட் செயலிகளில் சினிமாப் பக்கத்தில் தேடாமல் நிகழ்ச்சிகள் பக்கத்தில் தேடுங்கள். கிடைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நேரலையா, பதிவா? அண்டர்கார்டும் உண்டா? பதில் சரி என்றால் மொத்தமாக ஒரு வரிசையை வாங்கிக்கொண்டு நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம்.

உரிமை கிடைக்கவில்லையா? அங்கேயே நிறுத்துங்கள். திருட்டு இணைப்பில் பெரிய திரை வேண்டாம். அந்த இணைப்புகள் பெரிய சண்டையின்போதுதான் தேடித் தேடி அறுக்கப்படும், அதுவும் முதல் ரவுண்டிலேயே.

4. அரங்கைப் பேசி முடியுங்கள்

உரிமை கையில் வந்த பிறகுதான் முன்பணம். சின்ன அரங்காகப் பாருங்கள். முந்நூறு இருக்கையில் எழுபது பேர் சிதறி உட்கார்ந்தால் சத்தம் சேராது, பாக்ஸிங்குக்குக் கூட்டத்தின் சத்தம் வேண்டும். எண்பது இருக்கையில் எழுபது பேர் இருந்தால் ஒவ்வொரு குத்துக்கும் அரங்கு எழும்.

வாடகையைக் கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். ஆபரேட்டருக்கும் துப்புரவுக்கும் தனியாக உண்டா என்றும் கேளுங்கள். ஞாயிறு காலை 7 மணிக்கு ஆபரேட்டர் வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் தலையாட்டிவிடுவார், ஆபரேட்டருக்குத் தகவல் போயிருக்காது.

தேதி மாற்றும் நிபந்தனை அவசியம். இந்த விளையாட்டில் பயிற்சியில் ஒரு கீறல் விழுந்தாலே சண்டை தள்ளிப்போகும். டைசன் ஃப்யூரி, உசிக் சண்டை 2024 பிப்ரவரி 17க்குக் குறிக்கப்பட்டு, ஃப்யூரியின் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டதால் மே 18க்குப் போனது. ஒத்திவைத்தால் முன்பணம் புதிய தேதிக்குச் செல்லும், ரத்தானால் திரும்பி வரும் என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாடு பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலை 7 மணிக்கு பாப்கார்ன் கவுண்டர் பெரும்பாலும் திறந்திருக்காது. காபி, டீயாவது உள்ளே வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

5. ஆளைச் சேருங்கள், காசு வந்தால்தான் கணக்கு

ஞாயிறு காலை 7 மணிக்கு வருவேன் என்று சனிக்கிழமை இரவு சொல்வதற்குக் காசு செலவில்லை. "கண்டிப்பா வர்றேன் மச்சா" என்பவர்களில் பாதி பேர் போர்வைக்குள்ளேயே இருப்பார்கள். யூபிஐயில் பணம் போட்டவர் மட்டுமே பட்டியலில். திருப்பிக் கொடுக்கும் விதியையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள்: சண்டை ரத்தானால் உண்டு, நீங்கள் தூங்கிவிட்டால் கிடையாது.

வாழ்நாளில் ஒரு சண்டையும் பார்க்காதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க வேண்டாம். அவர்கள் நிறைய ஆகிவிட்டால் எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் கத்துவார்கள். அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் உடற்பயிற்சிக் கூடங்களில் குத்துப் பழகும் பையன்கள் கிடைத்தால் சிலரையாவது கட்டணமில்லாமல் அழைத்து வாருங்கள். அவர்கள் உட்காரும் வரிசையே தனியாகப் பேசும்.

இறுதி உறுதியை எடை பார்க்கும் நிகழ்ச்சி முடிந்த பிறகே அனுப்புங்கள். வழக்கமாகச் சண்டைக்கு முதல் நாள் எடை பார்ப்பார்கள். அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை நடந்தால் நமக்குச் சனிக்கிழமை விடியும்போது முடிவு தெரியும். வீரர் குறித்த எடையைத் தாண்டினால் பட்டம் பணயத்தில் இல்லாமல் போகலாம், சண்டையே நின்றும் போகலாம்.

பந்தயம் வேண்டாம். கர்நாடகத்தில் சூதாட்டம் போலீஸ் சட்டத்தில் குற்றம், ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதை 2025இல் நாடாளுமன்றமும் தடை செய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், தீர்ப்பு பிளவுபட்டால் இரண்டு நண்பர்கள் ஆறு மாதம் பேசாமல் இருப்பார்கள்.

6. அதே லேப்டாப், அதே செயலி, அதே வயர்: ஒத்திகை

இரண்டு மூன்று நாள் முன்னதாக, கடைசிக் காட்சி முடிந்ததும் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது.

யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "படம் வருது, சரி" என்று கிளம்பாதீர்கள். கட்டணத் தளங்கள் எச்டிசிபி என்ற பூட்டோடு படத்தை அனுப்புகின்றன. லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே உள்ள ஏதாவது ஒரு பழைய கருவி அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாததாக இருந்தால், சத்தம் வரும், திரை கறுப்பாக நிற்கும். யூடியூப் பாட்டில் இது தெரியாது. சண்டை எந்தத் தளத்தில் வருகிறதோ அதில், எந்தக் கணக்கில் காட்ட அனுமதி வாங்கினீர்களோ அதில், வேறு ஏதாவது நிகழ்ச்சியை ஓடவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது திரையின் வடிவம். தியேட்டர் திரை அகலமான சினிமாவுக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கும். விளையாட்டு ஒளிபரப்போ டிவி வடிவத்தில், அதாவது 16:9 அளவில் வரும். ஆபரேட்டர் 'ஸ்கோப்' அமைப்பிலேயே விட்டுவிட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். அங்கேதான் கடிகாரமும் ரவுண்டு எண்ணும் இருக்கும். 'ஃபிளாட்' அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கறுப்பு தெரியும், அது பரவாயில்லை.

சினிமா வினாடிக்கு 24 பிரேம். நேரலை விளையாட்டு 50 அல்லது 60. லேப்டாப் 24 ஹெர்ட்ஸில் அனுப்பினால் வேகமான ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) திரையில் துண்டு துண்டாகத் தெரியும். லேப்டாப்பின் டிஸ்பிளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் வைத்து, புரொஜெக்டர் அதை ஏற்கிறதா என்று பாருங்கள்.

ஒலியை வெறும் அரங்கில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆள் நிறைந்து எல்லோரும் கத்தும்போது வர்ணனை காணாமல் போகும். வெறும் அரங்கில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவில் வையுங்கள். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஆபரேட்டர் அண்ணனிடம் கொடுங்கள், ஞாயிறு காலை வேறு ஒருவர் பணிக்கு வரக்கூடும்.

இணையத்துக்கு வயர். தியேட்டர் வைஃபையில் அன்றைக்கு எழுபது போன்கள் ஒட்டிக்கொள்ளும். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் என்று நெட்பிளிக்ஸ் சொல்கிறது. அதைப்போல மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. 4கேவுக்கு ஆசைப்படாதீர்கள், தடையில்லாத எச்டி போதும். வயர் போனால் கைகொடுக்க வேறு நிறுவனத்தின் 5ஜி சிம் போட்ட போன் ஒன்று ஹாட்ஸ்பாட்டாகத் தயாராக இருக்கட்டும். அரங்கின் உள்ளே சிக்னல் வருமா என்பதையும் ஒத்திகையில் பாருங்கள், கான்கிரீட் பெட்டி அது. 2024 நவம்பரில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதியபோது பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கையால் உலகம் முழுக்கப் பலருக்குப் படம் தேங்கித் தேங்கி வந்தது. அந்த மாதிரி ஆனால் நம் பக்கம் செய்ய ஒன்றும் இல்லை. அதைக் கூட்டத்திடம் முன்பே சொல்லி வைத்தால் கோபம் உங்கள் மீது விழாது.

கடைசியாக லேப்டாப்பில் தூங்கும் அமைப்பு, தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு, அறிவிப்புகள் மூன்றையும் அணையுங்கள். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியே வாருங்கள். முப்பது அடித் திரையில் உங்கள் மாமியார் அனுப்பிய செய்தி வரத் தேவையில்லை.

7. அன்று காலை

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ 7 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர் அல்சூர் வர வேண்டும் என்றால் ஆர்.வி. ரோட்டில் மாறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அண்டர்கார்டு முதலிலிருந்து வேண்டும் என்பவர்கள் வண்டியில் வரட்டும். மற்றவர்களுக்கு முக்கியச் சண்டைக்கு முக்கால் மணி முன்பு என்று ஒரு நேரம் கொடுங்கள்.

வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வழியில் ஏதாவது ஒரு தர்ஷினியில் இட்லி வடை சாப்பிட்டுவிட்டு வருபவர் நடுவில் எழுந்து போக மாட்டார்.

8. புதியவர்களுக்குப் பத்து நிமிடம்

அண்டர்கார்டு ஓடும்போது, ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில், ஒருவர் எழுந்து நின்று விதிகளைச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்ஸில் லவ்லினாவையும் நிகத் ஜரீனையும் பார்த்தவர்கள் மூன்று ரவுண்டு, ஐந்து நடுவர் என்று நினைத்து வருவார்கள். தொழில்முறைச் சண்டையில் பட்டத்துக்கு 12 ரவுண்டு, ரவுண்டுக்கு 3 நிமிடம், நடுவில் 1 நிமிடம், மதிப்பெண் போடும் நடுவர்கள் மூன்று பேர். பெண்கள் பட்டச் சண்டை பெரும்பாலும் 10 ரவுண்டு, ரவுண்டுக்கு 2 நிமிடம்.

ஒவ்வொரு ரவுண்டும் தனிக் கணக்கு. வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் கீழே விழுந்தால் பொதுவாக 10க்கு 8. விழுந்தவர் உடனே எழுந்தாலும் ரெஃபரி எட்டு வரை எண்ணுவார். பத்துக்குள் எழாவிட்டால் நாக்அவுட். எழுந்தும் தொடர முடியாது என்று ரெஃபரி நிறுத்தினால் டெக்னிக்கல் நாக்அவுட். பெல் அடித்தால் தப்பித்துவிடலாம் என்று நம் பழைய ஆட்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் பின்பற்றப்படும் பொது விதிகளில் அந்தச் சலுகை இல்லை, எண்ணிக்கை தொடரும்.

இவ்வளவு போதும். எடைப் பிரிவுகள், நான்கு பட்டச் சங்கங்களின் அரசியல் என்று போனால் தூங்கிவிடுவார்கள்.

9. சண்டை ஓடும்போது

ஆளுக்கு ஒரு மதிப்பெண் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பன்னிரண்டு வரி, இரண்டு கட்டம். பெல் அடித்த முதல் பத்து வினாடியில் எண்ணை எழுதிவிட வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது. மறு ஒளிபரப்பையும் வர்ணனையாளர் கருத்தையும் கேட்ட பிறகு எழுதினால் அது அவர்களுடைய மதிப்பெண்.

சீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கூட்டம் பொய் சொல்லும். நம் ஆள் கையை வீசினாலே அரங்கு அதிரும், அது எதிராளியின் முழங்கையில் பட்டிருந்தாலும் சரி. எதிராளி விலாவில் சத்தமில்லாமல் இறக்கும் குத்துக்கு ஒருவரும் கத்த மாட்டார்கள், நடுவர் அதை எண்ணுவார். நடுவர்கள் பார்ப்பது நான்கு: சுத்தமாகப் பட்ட குத்து, பலன் தந்த ஆக்ரோஷம், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது, தற்காப்பு. முன்னால் போய்க்கொண்டே இருப்பவர் வெல்கிறார் என்று நினைப்பதுதான் புதியவர்களின் பெரிய தவறு. போகிற வழியில் நான்கு வாங்கிக்கொண்டு ஒன்று கொடுத்தால் அந்த ரவுண்டு அவருடையது இல்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரு ரவுண்டு முழுக்க ஒருவரின் தலையை மட்டும் பாருங்கள், அடிக்கும் கைகளைப் பார்க்காதீர்கள். எத்தனை முறை அந்தத் தலை பின்னால் போகிறது என்று தெரியும். அடுத்த ரவுண்டில் மற்றவரின் தலை. சின்ன டிவியில் இது கஷ்டம். தியேட்டருக்கு வந்ததன் பலனே இதுதான்.

உங்கள் மதிப்பெண் நடுவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 2017 செப்டம்பரில் கனெலோ, கொலோவ்கின் முதல் சண்டைக்கு ஒரு நடுவர் 118-110 என்று கனெலோவுக்கும், இன்னொருவர் 115-113 என்று கொலோவ்கினுக்கும், மூன்றாமவர் 114-114 என்றும் போட்டார்கள். மூவரும் ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்து அதே சண்டையைத்தான் பார்த்தார்கள்.

ரவுண்டு ஓடும்போது யாரும் எழக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. 2012 டிசம்பரில் மார்க்கெஸ் பக்கியாவை வீழ்த்தியது ஆறாவது ரவுண்டு முடிய ஒரு வினாடி இருக்கும்போது. இடைவெளிக்கு முந்திக்கொண்டு எழுந்தவர்கள் அதை அடுத்தவர் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள்.

இடைவெளியின் ஒரு நிமிடத்திலும் அரட்டை வேண்டாம். மூலையில் பயிற்சியாளர் என்ன கெஞ்சுகிறார், வெட்டுக்காயத்தில் என்ன அழுத்துகிறார்கள், வீரர் மூச்சு எப்படி வாங்குகிறார் என்பதைப் பார்த்தாலே அடுத்த ரவுண்டு பாதி புரிந்துவிடும்.

போன்கள் பையில். இணையவழி நேரலை உண்மையான சண்டைக்குச் சில பத்து வினாடிகள் பின்னால் ஓடும். துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் "முடிஞ்சுது!" என்று அனுப்பினால், உங்கள் திரையில் அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டிருப்பார். ஒரே ஒருவர் அதைப் படித்துவிட்டு முகத்தை மாற்றினாலும் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். ஏற்பாட்டாளர் மட்டும் ஆபரேட்டரோடு பேச ஒரு போன் வைத்திருக்கலாம், இணையம் அணைத்து.

படம் தேங்கினால் லேப்டாப்பைத் தொடுவது ஒருவர் மட்டுமே. பக்கத்தைப் புதுப்பிக்கலாமா, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறலாமா என்று நான்கு பேர் சேர்ந்து முடிவெடுத்தால் இரண்டு ரவுண்டு போய்விடும். முப்பது வினாடி பொறுங்கள், வரவில்லை என்றால் ஒருமுறை புதுப்பியுங்கள், அப்போதும் இல்லை என்றால் ஹாட்ஸ்பாட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

10. முடிந்த பிறகு

தீர்ப்பு வாசிக்கும் முன் சீட்டுகளைச் சேகரித்துவிடுங்கள், பின்னால் திருத்தம் செய்ய வழி இருக்காது. மூன்று நடுவரும் ஒரே ஆளைச் சொன்னால் யூனானிமஸ். இருவர் ஒருவரையும் மூன்றாமவர் மற்றவரையும் சொன்னால் ஸ்பிளிட். மூன்றாமவர் சமம் என்றால் மெஜாரிட்டி. நடுவர் தீர்ப்புக்கு மிக அருகில் வந்த சீட்டுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், அது போதும்.

சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டால் கூட்டம் ஏமாற்றமாக எழும். அரங்கு இன்னும் ஒரு மணி நேரம் உங்களிடம் இருக்கும். மறு ஒளிபரப்பைப் போடச் சொல்லி, குத்துப் பழகும் பையன்களில் ஒருவரை முன்னால் நிறுத்தி, அந்தக் குத்து எங்கிருந்து வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அவர்கள் காலடியிலிருந்து தொடங்கி விளக்குவார்கள்.

கணக்கை அன்று சாயங்காலத்துக்குள் குழுவில் போடுங்கள்: வசூல், வாடகை, வரி, மிச்சம். தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை. தியேட்டரின் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால் வெளியேறுங்கள், போனிலிருந்து எல்லாச் சாதனங்களிலும் வெளியேறும் பொத்தானையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.